பஸ்ஸிலிருந்து தெரிகிற எழுத்து

ஜூன் 2, திங்கள்

பலகை ஏறிவிட்டது. பாவாத்தாள் மஹால். தாராபுரம் ரோட்டைப் பார்த்த கறுப்பு கிரானைட் முகப்பில், ஓர் ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் எழுத்துகள். நான் வரைந்த எழுத்துருவுக்கு இதுதான் முதல் வேலை. ஒரு வருடத்துக்கு மேல் திரையில் பார்த்ததை வெயிலில் பார்ப்பது வேறு விஷயம். ‘ள்’ மேல் வைக்க வேண்டிய புள்ளியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி மாட்டினார்கள். கழற்றச் சொன்னேன். யாருக்குங்க தெரியப்போகுது என்றார் மேஸ்திரி. எனக்குத் தெரியும் என்றேன். கழற்றி மாட்டினார்கள்.

எழுத்தைப் பற்றி இங்கே குறித்துவைக்கிறேன். ஆங்கில எழுத்துகளில் ஒரு வகைக்கு நுனியில் பாதங்கள் உண்டு. செரிஃப் என்பார்கள். பழைய தேயிலை டப்பா, பழைய பேப்பர் தலைப்பு, சோடா கம்பெனி விளம்பரம் எல்லாவற்றிலும் தடித்து, பாதம் ஊன்றி நிற்கும். தமிழுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நம் எழுத்து சுழிந்து முடியும். அதற்குப் பாதம் வைத்தால் எங்கே வைப்பது என்பதுதான் என் கேள்வி. சுழியில் வைத்துப் பார்த்தேன், செருப்புப் போட்ட நத்தை மாதிரி இருந்தது. கடைசியில் நேராக இறங்குகிற கோடுகளுக்கு மட்டும் வைத்தேன். துணைக்காலுக்குக் கட்டாயம். கீழிறங்கும் கோடு கனம், படுக்கைக் கோடு மெலிசு. ‘பாவாத்தாள்’ என்பதில் மூன்று துணைக்கால்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த எழுத்துக்கென்றே வைத்த பேர் மாதிரி.

பாவாத்தாள் என்பது மண்டபத்தின் முதலாளியம்மா பெயரேதான். அம்மாவுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஐம்பத்தைந்து இருக்கும். கணவர் இல்லை. பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்று இந்த மண்டபத்தைக் கட்டினார். குடும்பத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் ஆண்கள் பெயர்தான், நான் உசுரோட இருக்கறப்பவே என்ற பேரை வெக்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் காட்டிய ஆறு எழுத்துகளில் இதைத் தொட்டுக் காட்டி அவர் சொன்னது இவ்வளவுதான்:

“இது நிக்குது கண்ணு. மத்ததெல்லாம் படுத்துக் கெடக்குது.”

எந்த டிசைன் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

ஜூன் 5, வியாழன்

திறப்பு விழா. கூட்டம். சாப்பாடு பிரமாதம். பாவாத்தாளம்மாவின் கொழுந்தனார், கொப்பரை வியாபாரி நல்லசாமி எல்லா அறைக் கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டு, காத்தோட்டமா இருக்குதுங்க, கொப்பரை போட்டாக் கெடாது என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் கல்யாணம் பிடிக்கவில்லை என்றால் மண்டபத்தைக் கொப்பரை குடோனாக அவருக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று குடும்பத்தில் பேச்சாம். அம்மா சொன்னாள்.

ஜூன் 6, வெள்ளி

மோட்டார் ஓடவில்லை. கெபாசிட்டர். மாற்றினேன். “படிச்சது மெக்கானிக்கல், எழுதறது அ ஆ” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். கெபாசிட்டர் எலெக்ட்ரிக்கல் என்று போய்ச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

மண்டபத்துக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். அதன் பின்சுவர் முழுக்கப் போஸ்டர்கள். இன்று காலை அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். என் எழுத்தில்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. ‘ண்’ணும் ‘ணீ’யும் சேர்கிற இடம் நன்றாக வந்திருக்கிறதே என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் கோபம். நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

எழுத்துரு அங்கே போனது இப்படி. ஸ்டீலில் வெட்டுவதற்கு முன் முழு அளவில் ஃப்ளெக்ஸில் அடித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் வீட்டுக்குப் போய்ப் படமாக மாற்றிக் கொண்டுவருவது எனக்குப் பொறுமையில்லாத வேலை. கடையின் கம்ப்யூட்டரிலேயே எழுத்துருவை ஏற்றிவிட்டேன். கழற்ற மறந்துவிட்டேன்.

கடையை நடத்துவது சுடர்க்கொடி. அவள் அப்பா கட்சிக் கொடி தைத்தவர். அதனால் இந்தப் பெயர் என்று அவளே சொல்லுவாள். போஸ்டரைப் பற்றிக் கேட்டால் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“செத்தவரு பையன் வந்து, பஸ்ஸுல போறவங்களுக்குத் தெரியற மாதிரி வேணும்ன்னான். உங்க எழுத்துதான் தெரியுது. வேற எதைப் போடச் சொல்றீங்க?”

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். நீங்க டெலிட் பண்ணச் சொல்லலையே என்றாள். அதுவும் சரி.

அடுத்த முறை கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். எழுத்துருவைக் கழற்றவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அவள் வேலையாக இருந்தாள்.

ஜூன் 19, வியாழன்

கணியூரிலிருந்து பெண் வீட்டார் மண்டபம் பார்க்க வந்தார்கள். முதல் விசாரிப்பு. அம்மாவுடன் நானும் போயிருந்தேன். எல்லாரும் உள்ளே போக, பெண்ணின் தாய்மாமன் மட்டும் வாசலில் நின்றார். பார்க்கிங் வசதியைக் கேட்டார், ஜெனரேட்டரைக் கேட்டார், நிமிர்ந்து பலகையைப் பார்த்தார், எதிர்ச் சுவரைப் பார்த்தார். என்னமோ மாதிரி இருக்குதுங்க என்றார். என்ன மாதிரி என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. பிறகு போன் செய்து வேறு மண்டபம் பார்த்துவிட்டதாகச் சொன்னார்களாம்.

‘என்னமோ மாதிரி’ என்பது ஒரு தகவலே இல்லை.

ஜூன் 23, திங்கள்

சுவரில் இப்போது மூன்று போஸ்டர்கள். மூன்றும் என் எழுத்து. சுடர்க்கொடியின் கடையில் அடித்தது ஒன்றுதான். மற்ற இரண்டும் பொள்ளாச்சி ரோட்டுக் கடைகள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் எழுத்துருவைப் பென் டிரைவில் டீத்தூள் கடன் கொடுப்பதுபோலக் கொடுத்துக்கொள்கிறார்கள். மடத்துக்குளத்திலும் பார்த்ததாக அம்மா சொல்கிறாள்.

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பத்து மணி பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். கையில் ரோஜா மாலை. நேராக மண்டபத்துக்குள் வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாட்ச்மேனிடம் தாழ்ந்த குரலில் எப்பங்க எடுத்தாங்க என்று கேட்டிருக்கிறார். பாவாத்தாளம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமாம். போன வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனவர் பலகையைப் பார்த்திருக்கிறார். பெயரில் பாதி ஜன்னல் கம்பியில் மறைந்துவிட்டது. பாவாத்தாள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது, அந்த எழுத்தில், கறுப்பின் மேல். பதினாறாம் நாளுக்குள்ளாவது போய்த் தலையைக் காட்டிவிட வேண்டும் என்று மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பாவாத்தாளம்மா உள்ளேயிருந்து வந்து அவரைப் பார்த்தார். பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

“வந்ததுதான் வந்தீங்க, காப்பி குடிச்சிப்போட்டுப் போங்க மாமா” என்றாராம்.

மாலையை வாங்கிப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டார். அதுவரை வேடிக்கை. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி அது வேடிக்கை இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

பாவாத்தாளம்மா கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். தோசை கொடுத்தார். அது இன்னும் மோசம்.

பலகையை மாற்றித் தருகிறேன் என்றேன். மாற்றக் கூடாது என்றார். நான் எடுத்த எழுத்து, நான் ஏன் எறக்கோணும், செத்தவங்க போஸ்டருல மாத்தச் சொல்லு என்றார். அது முடியாது, எந்தெந்தக் கடையில் இருக்கிறது என்றே தெரியாது என்றேன்.

“நீதான செஞ்சே. உன்ற எழுத்துக்கு நீ சொன்னாக் கேக்காதா?”

கேட்காது என்று சொன்னேன். அந்தம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. ஒரு முகூர்த்தம்கூடப் பதிவாகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஊகத்தில் வேலை செய்ய முடியாது. சோதித்துப் பார்த்தேன். பாவாத்தாள் மஹால் என்ற பெயரை நான்கு வகை எழுத்தில் தாளில் அடித்து, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களிடம் காட்டி, இது என்ன இடமாக இருக்கும் என்று கேட்டேன். சுடர்க்கொடியும் வந்தாள். கடையில் கரண்ட் இல்லையாம்.

மெலிந்த உருண்டை எழுத்துக்கு ஜவுளிக்கடை என்றார்கள். சாய்ந்த எழுத்துக்கு பியூட்டி பார்லர். சதுர எழுத்துக்கு ஹார்டுவேர்ஸ். ‘மஹால்’ என்று எழுதியிருக்கிறதே, யாரும் அதைப் படிக்கவே இல்லை. என் எழுத்தைக் காட்டியதும் ஒருவர் பீடியை அணைத்தார். இன்னொருவர் எத்தன வயசுங்க என்றார்.

கறுப்புதான் காரணமோ என்று அதையே சிவப்பிலும் தங்க நிறத்திலும் அடித்துக்கொண்டு போயிருந்தேன். சிவப்புக்கு, கட்சிக்காரரா என்றார்கள். தங்க நிறத்தைப் பார்த்த ஒரு காலேஜ் பெண், இறந்தவங்க வசதியானவங்க போல என்றாள். சுடர்க்கொடி தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள்.

முடிவு: நிறம் இல்லை, சொல் இல்லை, வடிவம்தான். ஆனால் இதே வடிவம் மூன்று வாரம் முன்பு அவர்களுக்கு ஒன்றையும் சொல்லியிருக்காது. ஒரு ‘ர’ எப்படிச் சாவாகும்? வளைவு அதேதான். நான் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

யோசித்துவிட்டேன். ஒரு குடம் தண்ணீரில் ஒரு துளி மை விழுந்தால் மையை எடுக்க முடியாது. தண்ணீரைக் கூட்டலாம். எழுத்துருவை இலவசமாக விட்டுவிட்டேன். எல்லா ஃப்ளெக்ஸ் கடைக்கும் நானே அனுப்பினேன். கல்யாணம், காதுகுத்து, சீர், கடை திறப்பு, எதற்கு வேண்டுமானாலும் போடுங்கள் என்று. எல்லாவற்றிலும் வந்துவிட்டால் எதையும் குறிக்காது.

பெங்களூர்க் கம்பெனி ஒன்று இந்த எழுத்துருவை வாங்கிக்கொள்வதாகப் போன மாதம் மெயில் போட்டிருந்தது. எங்கும் இலவசமாகக் கிடைக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. கிடைக்கிறது என்று பதில் எழுதினேன். மதியமே பதில் வந்தது. வாழ்த்துகளாம்.

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து கூடிவிட்டது.

ஜூலை 9, புதன்

தண்ணீர் கூடவில்லை.

இலவசமாக விட்டதில் அடகுக்கடை ஒன்று எடுத்துக்கொண்டது. மட்டன் கடை ஒன்று. ஒரு நாட்டு மருந்துக்கடை. அடகுக்கடை போன மாதம் திறந்தது. இந்த எழுத்தில் பலகை வைத்தபின் தாத்தா காலத்துக் கடை மாதிரி இருக்கிறது. வயது கொடுக்க இந்த எழுத்துக்குத் தெரிகிறது. நம்பிக்கை கொடுக்கத் தெரிகிறது. கல்யாணம் மட்டும் ஒட்டமாட்டேன் என்கிறது.

நான் கடையில் இருக்கும்போதே நடந்தது. ஒரு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு சுடர்க்கொடி வரவேற்பு ஃப்ளெக்ஸை என் எழுத்தில் போட்டுக் காட்டினாள். நான் கேட்டுக்கொண்டதற்காகத்தான். அந்தம்மா கையை மானிட்டருக்குக் குறுக்கே நீட்டி மறைத்தார்.

“என்ற பையன் கல்யாணத்துக்கு எழவு எழுத்தா போடுவே?”

அவர் போனபின் அந்த ஃப்ளெக்ஸை மூடச் சொன்னேன். அப்புறம் சுடர்க்கொடி சொன்னாள். கல்யாண ஃப்ளெக்ஸுக்கு வருகிறவர்கள் கலரைக் கேட்கிறார்களாம், போட்டோவைக் கேட்கிறார்களாம், எழுத்தைக் கேட்பதே இல்லை. சாவுக்கு வருகிறவர்கள் மட்டும் எழுத்தைக் கேட்கிறார்கள், கையால் காட்டி, இந்த அளவு, இப்படி நிக்கற எழுத்து என்று. உங்களுக்கு அது கேவலமா இருந்தா நான் நிறுத்திக்கிறேன் என்றாள்.

கேவலம் என்று நான் சொல்லவே இல்லை. அதையும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

மண்டபத்தின் கேட் தூணிலேயே ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். எதிர்ச் சுவரில் இடம் இல்லையோ என்னவோ. வெள்ளியங்கிரி, கொப்பரைக் களத்தில் சுமை தூக்கினவர். மார்பில் கை கட்டி நிற்கிற போட்டோ. பெயர் என் எழுத்தில், போட்டோவைவிடப் பெரிதாக.

பாவாத்தாளம்மா பார்த்துவிட்டார். வண்டியை எடு என்றார். விலாசம் போஸ்டரிலேயே இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். என்ற தூணு, என்ற கேட்டு, கேக்காம ஒட்டுவானுங்களா, இன்னைக்குக் கிழிக்க வெக்கிறேன் என்று.

லைன் வீடு. வாசலில் பந்தல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சத்தம் கேட்கும் என்று வண்டியிலேயே இருந்தேன். கேட்கவில்லை. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. போய்ப் பார்க்கலாம் என்று இறங்கும்போது வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். கை ஈரம்.

“போலாம்” என்றார்.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது அவரே பேசினார். வந்தவர்களுக்குச் சோறு போட ஆளில்லாமல் வெள்ளியங்கிரியின் மகள் ஒருத்தியே திண்டாடிக்கொண்டிருந்தாளாம். அப்புறம், போஸ்டரில் ஒன்றை வீட்டுக்குள் நடுச்சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்றார். நான் எதற்கு என்று கேட்டேன். கேட் திறந்தது, வண்டியை எடு என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

தூணில் இருக்கும் போஸ்டரைக் கருமாதி முடிகிறவரை கிழிக்கக் கூடாது என்று வாட்ச்மேனுக்குப் பாவாத்தாளம்மாவின் உத்தரவு. வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி. மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. ஆடியில் எல்லா மண்டபமும் பூட்டித்தான் கிடக்கும். ஆனால் மற்ற மண்டபங்களில் ஆவணிக்கு எழுதி முடிந்துவிட்டது. நல்லசாமி டேப்போடு வந்து சமையல்கட்டுக் கதவை அளந்தார். மினி லாரி பின்பக்கமாக வருமா என்று என்னிடமே கேட்டார். அளவு உங்களிடம்தானே இருக்கிறது, நீங்களே கணக்குப் பாருங்கள் என்றேன்.

அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொட்டு மருந்து. ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் வெளியே வந்ததும் எதிர்ச் சுவரிலிருந்த அஞ்சலி போஸ்டரைக் காட்டி, ஒன்றும் தெரியவில்லை, உன் எழுத்து மட்டும் தெரிகிறது என்றாள்.

ஜூலை 28, திங்கள்

பாவாத்தாளம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஊரை மாற்ற முடியாது, பலகையைத்தான் மாற்ற முடியும் என்று. பாதங்கள் தனியாகப் பற்றவைத்தவைதான். கிரைண்டரால் அறுத்துவிடலாம். மெல்லிய கோடுகளின் மேல் பட்டை வைத்துக் கனம் கூட்டலாம். வேறு எழுத்தாகிவிடும். கூலி என்னுடையது.

வெகு நேரம் பலகையைப் பார்த்தார்.

“காலை வெட்டிப்போட்டா எப்படி நிக்கும்?” என்றார்.

அது ஸ்க்ரூவில் நிற்கிறது, பாதத்தில் இல்லை என்று விளக்கினேன். தெரியும், போ என்றார். ஆடிப் பெருக்கு அன்று ஆளைக் கூப்பிடச் சொன்னார். அன்று கிரானைட்டைத் துடைக்கிற ஆளும் வருவானாம்.

வீட்டுக்கு வந்து மாற்று வடிவம் வரைந்தேன். ஒரு மணி நேர வேலை. சாதாரண எழுத்து. ஜவுளிக்கடை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி பதினெட்டு. ஏணி வைத்தாயிற்று, கிரைண்டருக்கு ஒயர் இழுத்தாயிற்று. மேஸ்திரி மேலே ஏறி முதல் ‘பா’வின் பாதத்தில் சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டார். அப்போது ஷேர் ஆட்டோவில் இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளியங்கிரியின் மனைவி, மகள். மகள் பெயர் மோகனப்பிரியா. நூல் மில்லில் வேலை.

கல்யாணம் பங்குனியிலேயே நிச்சயம் ஆகிவிட்டதாம். அப்பா போய்விட்டார். இனி ஆவணிக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வருடம் தள்ளிப்போகும். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கமாட்டார்கள். குறித்த முகூர்த்தத்துக்கு ஊரில் எந்த மண்டபமும் காலி இல்லை. அன்றைக்குச் சோறு போட்ட அம்மாவின் மண்டபம் இருக்கிறதே என்று வந்திருக்கிறார்கள். அந்தத் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். சொந்தக்காரர்கள் இந்த மண்டபம் வேண்டாம் என்கிறார்களாம். பலகை ஒரு மாதிரி இருக்கிறது என்கிறார்களாம்.

பலகைதானே, அதோ மாற்றப்போகிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் அண்ணாந்து பார்த்து, ஏனுங்க மேல ஆளு, என்ன பண்றாங்க என்று கேட்டாள்.

“தொடைக்கறோம் கண்ணு” என்றார் பாவாத்தாளம்மா.

மேஸ்திரி கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மோகனப்பிரியா இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாத்தாளம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“எங்கப்பா பேரை யாருமே அத்தாம் பெருசா எழுதுனதில்ல. அதே எழுத்துதானுங்க. இருந்துட்டுப் போகட்டும்.”

அழவில்லை. பத்திரிகைக்கு என்ன மாதிரி கவர் என்பதைப் போல இதையும் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டாள்.

மேஸ்திரிக்கு அரை நாள் கூலி கொடுத்தேன். சாக்பீஸ் கோட்டை அழிக்கச் சொன்னேன். அழித்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சுடர்க்கொடியிடம் சொல்லப் போனேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வெள்ளியங்கிரியின் போஸ்டருக்கு அந்தப் பெண்தான் வந்தாளாம், ஒரே ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு. அதுவும் கொப்பரைக் களத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது, முகம் தெளிவில்லை. அதனால்தான் பெயரைப் பெரிதாகப் போட்டேன் என்றாள்.

நான் போஸ்டரைப் பார்த்தேன், போட்டோவைவிடப் பெயர் பெரிது என்று கவனித்தேன், ஏன் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. வளைவை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கல்யாணப் பத்திரிகையும் அந்த எழுத்தில்தான் வேண்டும் என்கிறாள் பெண். மாப்பிள்ளை வீட்டார் முடியாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். நாலு நாள் இழுபறி. கடைசியில் பத்திரிகை அவர்கள் இஷ்டம், வாசல் ஃப்ளெக்ஸ் இவள் இஷ்டம் என்று பேசி முடித்திருக்கிறார் பாவாத்தாளம்மா. மாப்பிள்ளையின் சித்தப்பா இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறாராம். கல்யாணத்துக்கு வருவாரா என்பதே சந்தேகம்.

தார் தாராகப் பழம் வரும், எந்த அறையில் தொங்கவிடுவது என்று பாவாத்தாளம்மா என்னைக் கேட்கிறார். நான் எழுத்துக்காரன் என்பதை இந்த வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நல்லசாமி வந்தார். ஒரு கல்யாணம் வந்தா ஆச்சுங்களா என்றார். பாவாத்தாளம்மா அவருக்குப் பத்திரிகை கொடுத்தார், குடும்பத்தோடு வரச் சொல்லி.

ஆகஸ்ட் 28, வியாழன்

பலகையில் புறா எச்சம். நானே ஏறித் துடைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம்.

காலை ஐந்தரைக்கே போய் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டேன். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும் என்று. வாசல் ஃப்ளெக்ஸில் மணமக்கள் பெயர், மேலே பலகை, என் பின்னால் சுவரில் நேற்று ஒட்டிய அஞ்சலி போஸ்டர் ஒன்று. மூன்றும் ஒரே எழுத்து. வருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், முகம் மாறும், அதை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

வேனில் வந்தார்கள், பஸ்ஸில் வந்தார்கள், டூவீலரில் மூன்று பேராக வந்தார்கள். கொப்பரைக் களத்து ஆட்கள் மொத்தமாக வந்தார்கள், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில். மில் பெண்கள் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவும் வந்துவிட்டார். பையைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு, செருப்பை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டு போனார்கள். நல்லசாமி குடும்பத்தோடு வந்து, முதல் பந்தியில் இடம் இருக்குமா என்று வாசலிலேயே விசாரித்தார்.

ஒருவர்கூட நிமிர்ந்து பலகையைப் பார்க்கவில்லை.

அந்தச் சித்தப்பாகூடப் பார்க்கவில்லை. ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்கூட அவரவர் முகத்தைத்தான் போனில் சரிபார்த்தார்கள். தாராபுரம் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்த பெண் மேளத்தைக் கேட்டுத் திரும்பினாள், கல்யாணம் என்று பக்கத்துச் சீட்டில் சொன்னாள். அவள் பார்த்தது வாழைமரத்தை.

ஒரு வருடத்துக்கு மேல் வரைந்தது, மூன்று மாதம் ஊரையே கேள்வி கேட்டது, கடைசியில் அதை யாரும் படிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பாவாத்தாளம்மா பட்டுப் புடவையில், பலகைக்கு நேர் கீழே, சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். இரண்டு பேர் அவரிடம் ஐப்பசிக்குத் தேதி கேட்டுவிட்டார்களாம். ஒருவர் காதுகுத்துக்கு. ரோட்டைத் தாண்டி என்னைப் பார்த்துவிட்டார்.

“அங்க நின்னு என்ன கண்ணு பாக்கறே? எலை போட்டாச்சு, வா.”

சுடர்க்கொடி தன் பக்கத்து இலைக்கு ஆள் வருகிறது என்று யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தாள். போய் உட்கார்ந்தேன். பருப்புக்கு நெய் தாராளம்.